வழியில் போகும் தரவை மறையாக்கம் செய்வது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

ஒரு சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு புதிதாக வந்தவர்களிடம் "தரவு மறையாக்கத்தோடுதான் (என்கிரிப்ஷன்) போகிறதா?" என்று கேட்டால், பெரும்பாலும் "ஆமாம், முகவரி எச்டிடிபிஎஸ் என்றுதானே ஆரம்பிக்கிறது" என்பார்கள். அது தப்பில்லை. ஆனால் அது ஒரே ஒரு இணைப்பைப் பற்றிய பதில். பயனரின் பிரவுசரிலிருந்து உங்கள் வெளிவாசல் வரை வரும் இணைப்பு அது. அங்கிருந்து செயலிக்கு, செயலியிலிருந்து தரவுத்தளத்துக்கு, தரவுத்தளத்திலிருந்து பேக்கப் சர்வருக்கு, இன்னொரு பக்கம் மின்னஞ்சல் சர்வருக்கு என்று அதே தரவு இன்னும் நாலைந்து இணைப்புகளைக் கடக்கிறது. அவற்றில் எது மூடியிருக்கிறது, எது திறந்து கிடக்கிறது என்று பிரவுசருக்குத் தெரியாது.

அந்த இணைப்புகளை ஒவ்வொன்றாக மூடுவது எப்படி என்று இங்கே பார்க்கலாம். ஒரு லினக்ஸ் சர்வரில் உள்ளே நுழைந்து ஒரு கட்டமைப்புக் கோப்பைத் திருத்தத் தெரிந்தால் போதும். கணிதம் தேவைப்படாது.

எதைத் தடுக்கப் போகிறோம்

வழியில் போகும் தரவுக்கு மூன்று ஆபத்துகள் உண்டு. நடுவில் இருப்பவர் அதைப் படிக்கலாம். மாற்றி அனுப்பலாம். அல்லது எதிர்முனையில் இருப்பவர் தானே என்று நடிக்கலாம்.

முதல் ஆபத்து எவ்வளவு சுலபமானது என்பதை 2010-ல் எரிக் பட்லர் என்ற நிரலாளர் எல்லோருக்கும் காட்டினார். அவர் வெளியிட்ட ஃபயர்ஷீப் என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி, திறந்த வைஃபையில் பக்கத்தில் இருப்பவரின் கணக்குக்குள் ஒரே கிளிக்கில் நுழைய வைத்தது. அன்றைக்குப் பெரிய தளங்கள் பலவும் லாகின் பக்கத்தை மட்டும் மறையாக்கம் செய்துவிட்டு, மற்ற பக்கங்களை அப்படியே வெறுமனே அனுப்பிக்கொண்டிருந்தன. கடவுச்சொல் கிடைக்காவிட்டால் என்ன, லாகின் செய்தவர் இவர்தான் என்று சர்வருக்குக் காட்ட ஒவ்வொரு கோரிக்கையோடும் போகும் குக்கி கிடைத்தால் போதுமே. பாதி வழிக்கு மட்டும் போட்ட மறையாக்கம் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது ஆபத்தைத்தான் புதியவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுகிறார்கள். எதிரில் இருப்பவர் யாரென்று சரிபார்க்காமல் மறையாக்கம் மட்டும் செய்வது, நகையைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பெட்டியையும் சாவியையும் சேர்த்துத் திருடன் கையில் கொடுப்பதற்குச் சமம். உங்களுக்கும் சர்வருக்கும் நடுவில் ஒருவர் புகுந்து, உங்களோடு ஒரு மறையாக்க இணைப்பும் சர்வரோடு இன்னொரு மறையாக்க இணைப்பும் போட்டுக்கொண்டால், இரண்டு பக்கமும் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். நடுவில் இருப்பவர் ஒவ்வொரு எழுத்தையும் படித்துக்கொண்டிருப்பார். ஆகவே ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: மறையாக்கம் இருக்கிறதா? எதிர்முனை யாரென்று சரிபார்க்கப்படுகிறதா? கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான்.

படி 1: இணைப்புகளை எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் உங்கள் அமைப்பில் இருக்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள். எது எதோடு பேசுகிறதோ, அவற்றுக்கு நடுவே ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் மூன்று விவரம் எழுதுங்கள்: எந்த போர்ட், என்ன தரவு போகிறது, மேலே சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் பதில்.

நினைவிலிருந்து மட்டும் எழுதினால் சில கோடுகள் விட்டுப்போகும். ஒவ்வொரு சர்வரிலும் எந்தெந்த போர்ட்கள் திறந்திருக்கின்றன என்று பாருங்கள். லினக்ஸில் எஸ்எஸ் என்ற இரண்டெழுத்துக் கட்டளை இதைக் காட்டும். சில எண்களைக் கண்டதும் நின்று கவனிக்க வேண்டும். 21 என்றால் எஃப்டிபி, 23 என்றால் டெல்நெட். இவை இரண்டிலும் கடவுச்சொல் அப்படியே எழுத்தெழுத்தாக வழியில் போகும். 80 என்றால் மறையாக்கம் இல்லாத வலைப்பக்கம். 110, 143 இரண்டும் பழைய மின்னஞ்சல் வாசல்கள். 3306 மைஎஸ்க்யூஎல், 5432 போஸ்ட்கிரெஸ், 6379 ரெடிஸ், மூன்றும் தரவுத்தளங்கள். ரெடிஸுக்கு டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கம் செய்யும் நெறிமுறை) வசதி வந்ததே 2020-ல் வெளியான 6-ஆம் பதிப்பில்தான். இன்றும் அதை நீங்களாக இயக்கினால்தான் உண்டு.

"இதெல்லாம் உள் நெட்வொர்க், வெளியிலிருந்து யாரும் வர முடியாது" என்று ஒரு குரல் இந்த இடத்தில் கட்டாயம் எழும். அந்த நம்பிக்கையில் இருந்தவர்கள் சின்ன ஆட்கள் இல்லை. கூகுள், யாஹூ நிறுவனங்களின் தரவு மையங்களுக்கு நடுவே ஓடிய தனிப்பட்ட இணைப்புகளை உளவு அமைப்புகள் ஒட்டுக் கேட்டது 2013 அக்டோபரில் வெளியானது. அமெரிக்க உளவு அமைப்பின் முன்னாள் ஒப்பந்த ஊழியர் எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொண்டுவந்த ஆவணங்கள் வழியாகத் தெரியவந்த செய்தி அது. சொந்தக் கேபிள் என்பதால் அந்தத் தடங்களில் முழுமையான மறையாக்கம் இருக்கவில்லை. அதன் பிறகு இரு நிறுவனங்களும் அவற்றை மூடும் வேலையை முடுக்கிவிட்டன. நம் அளவில் உளவு அமைப்பெல்லாம் வர வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் ஏதோ ஒரு பழைய இயந்திரத்தில் யாரோ நுழைந்துவிட்டாலே போதும், பக்கத்துக் கோடுகள் எல்லாம் அவர் காதில் விழும்.

படி 2: வழியில் என்ன போகிறது என்று கண்ணால் பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். வயர்ஷார்க், டிசிபிடம்ப் ஆகிய இரண்டும் இலவசக் கருவிகள். சர்வரில் டிசிபிடம்ப் ஓட்டி, ஒரு குறிப்பிட்ட போர்ட்டில் போகும் பொட்டலங்களை (பாக்கெட்) கோப்பாகச் சேமித்து, உங்கள் கணினியில் வயர்ஷார்க்கில் திறக்கலாம். ஒரு சோதனைக் கணக்கால் லாகின் செய்து, அந்தக் கோப்பில் அந்தக் கணக்கின் பெயரைத் தேடுங்கள். கிடைத்துவிட்டால் அந்த இணைப்பு திறந்து கிடக்கிறது. கிடைக்காவிட்டால் உடனே நிம்மதி அடைய வேண்டாம். தரவு சுருக்கப்பட்டுப் போயிருந்தாலும் அப்படித்தான் தெரியும். வயர்ஷார்க் அந்த உரையாடலை டிஎல்எஸ் என்று அடையாளம் காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

இந்த வேலையை உங்களுக்குச் சொந்தமான, அல்லது எழுத்தில் அனுமதி வாங்கிய நெட்வொர்க்கில் மட்டுமே செய்ய வேண்டும். மற்றவர்களின் உண்மைத் தரவு அந்தக் கோப்பில் சிக்கும் என்பதால் வேலை முடிந்ததும் கோப்பை அழித்துவிடுங்கள்.

டிஎல்எஸ் உள்ளே நடப்பது, சுருக்கமாக

பெரும்பாலான இணைப்புகளை மூடப்போவது டிஎல்எஸ் என்ற நெறிமுறைதான். நெட்ஸ்கேப் நிறுவனம் 1990-களின் நடுவில் உருவாக்கிய எஸ்எஸ்எல்லின் வாரிசு இது. எஸ்எஸ்எல் இன்று உபயோகத்தில் இல்லை, இருக்கவும் கூடாது. பெயர் மட்டும் கருவிகளிலும் கட்டமைப்புக் கோப்புகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இணைப்பு தொடங்கும்போது இரு பக்கமும் தற்காலிகச் சாவி ஒன்றை உருவாக்கி, அதன் பொதுப் பாதியை மட்டும் மற்றவருக்கு அனுப்புகின்றன. தன் ரகசியப் பாதியையும் மற்றவரின் பொதுப் பாதியையும் வைத்து இருவரும் ஒரே ரகசியத்தைக் கணக்கிட முடியும். நடுவில் கேட்டுக்கொண்டிருப்பவரால் முடியாது. டிஃபி, ஹெல்மன் இருவரும் 1976-ல் வெளியிட்ட வழி இது. அப்புறம் சர்வர் தன் சான்றிதழை (சர்வரின் பெயரையும் பொதுச் சாவியையும் சேர்த்து நம்பிக்கையான ஒரு அமைப்பு கையெழுத்திட்ட கோப்பு) காட்டி, அதற்குரிய ரகசியச் சாவி தன்னிடம் இருப்பதைக் கையெழுத்திட்டு நிரூபிக்கிறது. எதிர்முனை யாரென்ற கேள்விக்குப் பதில் கிடைப்பது இந்த ஒரு இடத்தில்தான். இதைத் தாண்டினால், பிறகு வரும் தரவெல்லாம் இரு பக்கமும் ஒரே ரகசியச் சாவியை உபயோகிக்கும் வேகமான மறையாக்கத்தில், ஒவ்வொரு துண்டும் மாற்றப்படவில்லை என்ற முத்திரையோடு போகும்.

பதிப்புகளைப் பொறுத்தவரை முடிவு எளிது. 2018-ல் வந்த டிஎல்எஸ் 1.3 முதல் தேர்வு. 2008-ல் வந்த 1.2-ஐப் பழைய கருவிகளுக்காக வைத்துக்கொள்ளலாம். 1.0, 1.1 இரண்டும் 2021 மார்ச்சில் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டவை, அணைத்துவிடுங்கள். 1.3-ல் இன்னொரு நல்ல விஷயம் உண்டு. சான்றிதழை வைத்துத் தொடங்கும் வழக்கமான இணைப்புகளில் ஒவ்வொரு முறையும் புதிய தற்காலிகச் சாவி கட்டாயம். நாளைக்கு உங்கள் சர்வரின் ரகசியச் சாவி திருடு போனாலும், நேற்றுப் பதிவு செய்துவைத்த உரையாடலை அதை வைத்துத் திறக்க முடியாது.

படி 3: வெளிவாசல்

இது இன்று மிகச் சுலபமான பகுதி. லெட்ஸ் என்கிரிப்ட் 2015 டிசம்பரில் பொதுமக்களுக்கு இலவசச் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து காசும் காத்திருப்பும் போய்விட்டன. உங்கள் டொமைன் பெயர் சர்வரின் முகவரியைக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஃபயர்வாலில் 80, 443 இரண்டு போர்ட்களையும் திறந்து வையுங்கள். செர்ட்பாட் கருவியை நிறுவி, எந்த வலைச் சர்வர் என்று சொன்னால், டொமைன் உங்களுடையதுதானா என்று சோதித்துச் சான்றிதழை வாங்கிப் பொருத்திவிடும். கேடி என்ற வலைச் சர்வரை உபயோகித்தால் இவ்வளவுகூட வேண்டாம், அது தானாகவே வாங்கிக்கொள்ளும்.

அதோடு நிறுத்திவிடாமல், 80-க்கு வரும் எல்லாவற்றையும் 443-க்குத் திருப்பிவிடுங்கள். லாகின் குக்கிக்கு "செக்யூர்" என்ற குறியைச் சேருங்கள், மறையாக்கம் இல்லாத இணைப்பில் பிரவுசர் அதை அனுப்பவே அனுப்பாது.

அடுத்தது எச்எஸ்டிஎஸ். திருப்பிவிடுவதில் ஒரு ஓட்டை இருக்கிறது: முதல் கோரிக்கை வெறுமனே போகிறது. அந்த ஒரு கோரிக்கையைப் பிடித்துக்கொண்டு முழு உரையாடலையும் மறையாக்கம் இல்லாமல் இழுத்துச் செல்ல முடியும் என்று 2009-ல் பாதுகாப்பு ஆய்வாளர் மாக்சி மார்லின்ஸ்பைக் தன் எஸ்எஸ்எல்ஸ்ட்ரிப் கருவியால் காட்டினார். எச்எஸ்டிஎஸ் தலைப்பை (சர்வர் தன் பதிலோடு சேர்க்கும் ஒரு வரி) அனுப்பினால், "இந்தத் தளத்துக்கு இனி எச்டிடிபிஎஸ் மட்டுமே" என்று பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும். இதில் நிதானம் வேண்டும். நீங்கள் கொடுக்கும் கால அளவு முடியும்வரை பிரவுசர் பின்வாங்காது. முதலில் 300 நொடி என்று கொடுத்துப் பாருங்கள். எல்லாப் பக்கமும் வேலை செய்கிறது என்று உறுதியானபின் ஒரு வருடம், அதாவது 31536000 நொடி ஆக்குங்கள். துணை டொமைன்களையும் சேர்க்கும் குறியைப் போடுமுன் அவை அத்தனையிலும் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பழைய உள் பக்கம் ஏதாவது ஒன்று நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

படி 4: உள் இணைப்புகள்

உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. வெளிவாசலில் பிரவுசர் கறாராகச் சோதிக்கிறது, சான்றிதழில் தவறிருந்தால் முழுப் பக்க எச்சரிக்கை காட்டுகிறது. உள்ளே அப்படி யாரும் இல்லை. செயலியும் தரவுத்தளமும் உங்கள் கட்டமைப்பு என்ன சொல்கிறதோ அதைக் கேட்கும். ஒன்றும் சொல்லாவிட்டால் பல நேரம் தளர்வாகவே நடந்துகொள்ளும்.

போஸ்ட்கிரெஸை எடுத்துக்கொள்வோம். அதன் அதிகாரபூர்வ இணைப்பு நூலகத்தில் எஸ்எஸ்எல்மோட் என்ற அமைப்பு இருக்கிறது. நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் அதன் மதிப்பு "ப்ரிஃபர்". அதாவது சர்வர் சம்மதித்தால் மறையாக்கம், இல்லாவிட்டால் வெறும் இணைப்பு, எந்த எச்சரிக்கையும் கிடையாது. இதற்கு மேல் "ரிக்வயர்": மறையாக்கம் கட்டாயம், ஆனால் பொதுவாக எதிரில் யார் என்று பார்க்காது. "வெரிஃபை-சிஏ": நம்பிக்கையான அமைப்பு கையெழுத்திட்ட சான்றிதழ்தானா என்று பார்க்கும். "வெரிஃபை-ஃபுல்": அதோடு, சான்றிதழில் இருக்கும் பெயரும் நாம் தேடிப்போன சர்வரின் பெயரும் ஒன்றா என்றும் பார்க்கும். நடுவில் புகுபவரை நிச்சயமாகத் தடுப்பது இந்தக் கடைசி ஒன்றுதான். பலரும் "ரிக்வயர்" போட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். மேலே சொன்ன இரண்டு கேள்விகளில் ஒன்றுக்குத்தான் அது பதில்.

வெரிஃபை-ஃபுல் வரை போவதற்கு ஒரு சின்னச் சான்றிதழ் அமைப்பு உங்களுக்கே வேண்டும். ஸ்மால்ஸ்டெப் கருவியோ ஓப்பன்எஸ்எஸ்எல்லோ போதும். செய்யும் வரிசை இது:

1. மூலச் சாவி ஒன்றையும் அதற்கான மூலச் சான்றிதழையும் உருவாக்குங்கள். மூலச் சாவியை எந்தச் சர்வரிலும் வைக்காதீர்கள். மறையாக்கம் செய்த ஒரு பென்டிரைவில், நெட்வொர்க்குக்கு வெளியே இருக்கட்டும்.

2. தரவுத்தளச் சர்வருக்கென ஒரு சாவி, மூலச் சாவியால் கையெழுத்திட்ட ஒரு சான்றிதழ். செயலி எந்தப் பெயரைச் சொல்லி அந்தச் சர்வரைக் கூப்பிடுகிறதோ அதே பெயர் சான்றிதழின் மாற்றுப் பெயர்ப் பகுதியில் இருக்க வேண்டும். ஐபி எண்ணால் கூப்பிட்டுவிட்டுச் சான்றிதழில் பெயரை எழுதினால் சோதனை தோற்கும். இந்தப் படியில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இதுதான்.

3. ரகசியச் சாவிக் கோப்பைத் தரவுத்தளத்தின் பயனர் கணக்கு மட்டுமே படிக்குமாறு அனுமதியைச் சுருக்குங்கள். மற்றவர்களும் படிக்கலாம் என்று விட்டால் போஸ்ட்கிரெஸ் கிளம்பவே மறுக்கும், நல்ல குணம்.

4. மூலச் சான்றிதழை (சாவியை இல்லை) செயலி இருக்கும் இயந்திரத்துக்கு நகலெடுத்து, அதைக் காட்டி வெரிஃபை-ஃபுல் போடுங்கள்.

5. சர்வர் பக்கத்தில் அணுகல் விதிக் கோப்பில் "ஹோஸ்ட்" என்று இருக்கும் வரிகளை "ஹோஸ்ட்எஸ்எஸ்எல்" ஆக்குங்கள். மறையாக்கம் இல்லாமல் வருபவர் இனி வாசலிலேயே திரும்பிவிடுவார்.

மைஎஸ்க்யூஎல்லிலும் இதே வரிசைதான், அங்கே முழுச் சோதனைக்கான மதிப்பின் பெயர் "வெரிஃபை ஐடென்டிட்டி".

இதற்கிடையில் ஏதாவது ஒரு பிழைச் செய்தி வரும். தேடினால் முதல் விடையாகச் சோதனையை அணைக்கச் சொல்வார்கள். பைத்தான் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் வெரிஃபை என்பதை ஃபால்ஸ் ஆக்குவது, கர்ல் கட்டளையில் சின்ன 'கே' குறியைச் சேர்ப்பது, நோடில் சான்றிதழ் மறுப்பை 0 ஆக்கும் சூழல் மாறி ஆகியவை எல்லாம் ஒரே வகை. பிழை மறையும், பாதுகாப்பும் சேர்ந்தே மறையும். இந்த விடையைத் தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பிழை மூன்றில் ஒரு காரணத்தால்தான் பெரும்பாலும் வருகிறது: மூலச் சான்றிதழ் இந்தப் பக்கம் இல்லை, பெயர் பொருந்தவில்லை, அல்லது காலம் முடிந்துவிட்டது. மூன்றுக்கும் நேரான தீர்வு உண்டு. ஏற்கெனவே எழுதிய நிரல்களிலும் இந்த மூன்று அணைப்புகளையும் தேடிப்பாருங்கள். சோதனைக்காக என்றைக்கோ போட்டது இன்னும் இருக்கக்கூடும்.

படி 5: நிர்வாக இணைப்பும் கோப்பு அனுப்புவதும்

எஸ்எஸ்எச் பிறந்த கதையே வழியில் திருடு போன கடவுச்சொற்கள்தான். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் கடவுச்சொற்கள் ஒட்டுக் கேட்கப்பட்ட பிறகு, 1995-ல் அங்கே ஆய்வாளராக இருந்த தாது யிலோனென் இதை எழுதினார். டெல்நெட்டும் எஃப்டிபியும் எங்காவது மிச்சமிருந்தால் இதற்கு மாற்றுங்கள். எஃப்டிபிக்குப் பதில் எஸ்எஃப்டிபி, அது எஸ்எஸ்எச் இணைப்பின் மேலேயே ஓடும், தனி போர்ட் வேண்டாம்.

எஸ்எஸ்எச்சில் மறையாக்கம் எப்போதும் உண்டு. நீங்கள் கவனிக்க வேண்டியது இரண்டாவது கேள்வியை. புதிய சர்வருக்கு முதல்முறை போகும்போது ஒரு கைரேகை எழுத்துத்தொடரைக் காட்டி "தொடரலாமா?" என்று கேட்கும். எல்லோரும் படிக்காமலே "யெஸ்" அடிக்கிறார்கள். சர்வரின் கன்சோலில் அதன் உண்மையான கைரேகையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு ஒப்பிடுங்கள். ஒரே ஒரு நிமிடம்தான் ஆகும். சாவி மாறிவிட்டது என்ற பெரிய எச்சரிக்கை பிற்பாடு வந்தால், சர்வரை மறுபடி நிறுவினீர்களா என்று யோசியுங்கள். இல்லையென்றால் காரணம் தெரியும்வரை உள்ளே போகாதீர்கள்.

உள்ளே நுழைய எட்25519 வகைச் சாவியை உருவாக்கி, அதற்குக் கடவுச்சொற்றொடர் வைத்து, சர்வரில் கடவுச்சொல் லாகினை அணைத்துவிடுங்கள். அணைக்குமுன் வேறொரு சாளரத்தில் சாவியால் நுழைய முடிகிறதா என்று பார்த்துவிட்டு அணையுங்கள், இல்லாவிட்டால் நீங்களே வெளியே நிற்க வேண்டிவரும்.

மறையாக்கமே தெரியாத பழைய சேவை ஏதாவது இருந்தால் எஸ்எஸ்எச் சுரங்கம் கைகொடுக்கும். அந்தச் சேவையை அதன் இயந்திரத்துக்குள்ளேயே கேட்குமாறு கட்டிவைத்து, வெளியிலிருந்து சுரங்கம் வழியாக மட்டும் தொடலாம்.

படி 6: இரண்டு நெட்வொர்க்குகளுக்கு நடுவே

இரண்டு அலுவலகங்கள், அல்லது ஒரு அலுவலகமும் ஒரு கிளவுடும் என்றால், ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியாக மூடுவதோடு மொத்தத் தடத்தையும் மூடுவது நல்லது. இதற்கான விபிஎன் முறைகளில், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் வயர்கார்டைத்தான் சொல்வேன். இன்னொரு முறையான ஐபிசெக்கும் நன்றாகவே வேலை செய்யும், பெரிய ரூட்டர்கள் அதைத்தான் பேசும். ஆனால் அதில் தேர்ந்தெடுக்க வேண்டியவை அதிகம், தவறான தேர்வுக்கும் இடம் அதிகம். ஜேசன் டோனன்ஃபெல்ட் உருவாக்கிய வயர்கார்டில் மறையாக்க முறையைத் தேர்ந்தெடுக்கும் வேலையே கிடையாது, எல்லாம் முன்பே முடிவானவை. 2020 மார்ச்சில் வந்த 5.6 பதிப்பிலிருந்து லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது.

இரு முனையிலும் ஒரு சாவி ஜோடி உருவாக்குங்கள். ரகசியப் பாதி பிறந்த இயந்திரத்தை விட்டு நகரக் கூடாது. பொதுப் பாதியை மட்டும் மறுமுனைக்குக் கொடுங்கள். எஸ்எஸ்எச்சில் சொன்னதுபோல, அது நீங்கள் அனுப்பியதுதானா என்பதைத் தொலைபேசியில் சில எழுத்துகளைப் படித்தாவது உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரு முனையிலாவது யூடிபி போர்ட் ஒன்றைத் திறக்க வேண்டும், வழக்கமாக 51820. "அனுமதித்த ஐபிக்கள்" என்ற வரியில் மறுபக்கத்தின் முகவரிகளை மட்டும் எழுதுங்கள். எந்தப் பொட்டலம் இந்தத் தடத்தில் போகலாம், எது வரலாம் என்ற இரண்டையும் அந்த ஒரு வரிதான் தீர்மானிக்கிறது. சின்னப் பொட்டலங்கள் போய், பெரிய கோப்புகள் மட்டும் பாதியில் நின்றால், எம்டியூ அளவை (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) குறைத்துப் பாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: சுரங்கத்தின் வாயோடு அதன் மறையாக்கம் முடிந்துவிடும். வாயிலிருந்து தரவுத்தளம் வரை இருக்கும் மிச்சத் தூரத்துக்குப் படி 4 அப்படியே தேவை. வைஃபைக்கும் அதேதான். டபிள்யூபிஏ3, அது முடியாவிட்டால் டபிள்யூபிஏ2 போடுங்கள், ஆனால் அது உங்கள் சாதனத்துக்கும் ரூட்டருக்கும் நடுவே உள்ள காற்றை மட்டுமே காக்கும். டபிள்யூஇபி எங்காவது தென்பட்டால் அன்றைக்கே மாற்றுங்கள், அது 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது.

மின்னஞ்சல்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செயலியிலிருந்து மின்னஞ்சல் அனுப்ப 465, படிக்க 993. இரண்டிலும் இணைப்பு தொடங்கும்போதே டிஎல்எஸ் தொடங்கிவிடும். 587-ல் ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற முறையில் முதலில் வெறும் பேச்சு, பிறகுதான் மறையாக்கம். நடுவில் இருப்பவர் அந்த அழைப்பை நீக்கிவிட முடியும் என்பதால், அதைத்தான் உபயோகிக்க வேண்டியிருந்தால் "கட்டாயம்" என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள், "முடிந்தால்" என்பதை வேண்டாம்.

படி 7: தோற்க வேண்டியது தோற்கிறதா?

இணைப்பு வேலை செய்கிறது என்பதால் மட்டும் பாதுகாப்பு வேலை செய்கிறது என்று ஆகாது. மறையாக்கம் இல்லாமல் தரவுத்தளத்துக்குப் போய்ப் பாருங்கள், மறுக்க வேண்டும். தவறான பெயரைச் சொல்லிப் போய்ப் பாருங்கள், உங்கள் செயலி பிழை காட்டி நிற்க வேண்டும். வேறு ஒரு மூலச் சாவியில் கையெழுத்திட்ட சான்றிதழைச் சோதனைச் சர்வரில் வைத்துப் பாருங்கள், அதையும் ஏற்கக் கூடாது. இதில் எதுவாவது சத்தமில்லாமல் வெற்றி பெற்றால் அங்கே சோதனை அணைந்திருக்கிறது என்று பொருள். வெளியே போகும் கோரிக்கைகளைச் சோதிக்க பேட்எஸ்எஸ்எல் என்ற தளம் இருக்கிறது. காலம் முடிந்தது, பெயர் தவறானது என்று வேண்டுமென்றே கெடுத்துவைத்த சான்றிதழ்கள் அங்கே கிடைக்கும். உங்கள் வெளிவாசலைச் சோதிக்க குவாலிஸ் நிறுவனத்தின் எஸ்எஸ்எல் லேப்ஸ் பக்கம் போதும். பிறகு படி 2-ஐ மறுபடி செய்து, அதே சோதனைப் பெயரைத் தேடுங்கள்.

படி 8: புதுப்பித்தல்

லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழின் வழக்கமான ஆயுள் 90 நாள். பொதுச் சான்றிதழ்கள் எல்லாவற்றின் உச்ச ஆயுளையும் படிப்படியாகக் குறைத்து, 2029 மார்ச்சில் 47 நாளுக்குக் கொண்டுவருவதென்று சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் 2025-ல் முடிவு செய்திருக்கிறது. இனி கையால் புதுப்பிப்பது நடக்காத காரியம். தானியங்கியாக்குங்கள். அதில் ஒரு கண்ணி உண்டு. புதிய சான்றிதழ் கோப்பில் வந்து உட்கார்ந்திருக்கும், ஆனால் சர்வர் நினைவில் பழையதையே வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். புதுப்பித்ததும் சேவையை மறுஏற்றம் செய்யும் கட்டளையையும் சேர்த்துவிடுங்கள். காலக்கெடுவைக் கண்காணிக்கும்போது கோப்பைப் பார்க்காமல், வெளியிலிருந்து இணைத்து, சர்வர் உண்மையில் எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். உள்ளே நீங்களே கையெழுத்திட்ட சான்றிதழ்களும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும், யாரும் பார்க்காத அவைதான் ஒருநாள் திடீரென்று காலாவதியாகும். எல்லா இயந்திரங்களிலும் கடிகாரம் என்டிபியால் (நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் நெறிமுறை) சரியாக ஓட வேண்டும். கடிகாரம் தவறினால் நல்ல சான்றிதழும் காலம் கடந்ததாகத் தெரியும்.

மறையாக்கம் மறைக்காதவை

யார் யாரோடு, எப்போது, எவ்வளவு பேசினார்கள் என்பது டிஎல்எஸ் போட்டாலும் வெளியே தெரியும். டொமைன் பெயரைத் தேடும் கேள்விகள் வழக்கமாக வெறுமனே போகின்றன. டிஎன்எஸ்-ஓவர்-டிஎல்எஸ் (போர்ட் 853) அல்லது டிஎன்எஸ்-ஓவர்-எச்டிடிபிஎஸ் அவற்றை மூடும். இணைப்பு தொடங்கும்போது தளத்தின் பெயரும் பெரும்பாலும் தெரியும்படிதான் போகிறது. அதனால் ரகசியமான எதையும் துணை டொமைன் பெயரில் எழுதாதீர்கள். பொதுச் சான்றிதழ் வாங்கினால் அந்தப் பெயர் யார் வேண்டுமானாலும் தேடக்கூடிய பொதுப் பதிவேட்டிலும் ஏறிவிடும்.

இன்று பதிவு செய்துவைத்து, குவாண்டம் கணினி வந்தபின் திறப்பது என்ற கவலைக்கும் பதில் வர ஆரம்பித்துவிட்டது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் எம்எல்-கெம் என்ற புதிய சாவிப் பரிமாற்ற முறையைத் தரப்படுத்தியது. ஓப்பன்எஸ்எஸ்எல் 3.5, ஓப்பன்எஸ்எஸ்எச் 10 இரண்டிலும் அது இருக்கிறது. பல ஆண்டு ரகசியமாக இருக்க வேண்டிய தரவு உங்களிடம் இருந்தால் அந்தப் பதிப்புகளுக்கு ஏறுங்கள். மற்றவர்கள் வழக்கமான மேம்படுத்தலிலேயே அங்கே வந்துவிடுவார்கள்.

படி 9: இதுவரை வெளியே போனவை

உங்கள் தாளுக்குத் திரும்புங்கள். முதலில் மறையாக்கம் இல்லை என்று எழுதிய கோடுகள் வழியாக இத்தனை நாளும் போன கடவுச்சொற்கள், ஏபிஐ சாவிகள், தரவுத்தளக் கணக்குகள் எல்லாவற்றையும் பட்டியலிட்டு மாற்றுங்கள். யாராவது கேட்டார்களா என்று கண்டுபிடிக்க வழி கிடையாது, ஆகவே கேட்டிருப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் படி 7-இன் சோதனை முடிந்தபிறகே அதன் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதற்கு முன்னால் மாற்றினால் புதிய கடவுச்சொல்லும் அதே திறந்த வழியில்தான் போகும்.